கேட்டு எடுத்த மரம்



இந்தப் பத்தியில் நாம் வழமையாக வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்றுதான் எழுதுவதுண்டு. இம்முறை மரத்தைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. அதற்குக் காரணம் ஒரு கடிதம்.

சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. இரவு வேலை முடித்து வந்து நாம் படுத்திருந்த நேரம், எமது ஊருக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர் கடிதமும் கையுமாக வாசலில் நின்றார். முகத்தில் இரத்தமில்லை. பக்கத்தில் மனைவி, அவர் கையைப் பிடித்தபடி ஐந்து வயது மகள்.

"அண்ணை, திருப்பியும் 'அன்ஹோருங்' எண்டு போட்டு வந்திருக்கு. விசாவைப் பறிக்கப்போறாங்களோ?" என்றார்.

'அன்ஹோருங்' என்ற சொல்லைக் கண்டாலே எங்கள் சனத்துக்கு வயிற்றைக் கலக்கும். அகதி விண்ணப்பத்துக்கு எங்களை இருத்தி வைத்து மணிக்கணக்காகக் கேள்வி கேட்டார்களே, அதற்கும் அதே பெயர்தான். ஆனால் கடிதத்தை வாங்கிப் பார்த்தால் விஷயம் வேறு. காட்டில் ஒரு மரத்தைக் கிண்டி எடுத்ததாக அவர்மீது முறைப்பாடு. அதற்குப் பதில் சொல்ல அவகாசம் தந்திருந்தார்கள், அவ்வளவுதான். டொச்சில் 'அன்ஹோருங்' என்றால் ஒருவர் சொல்வதைக் கேட்பது. தண்டப்பணம் போடுமுன் உன் பக்கத்தையும் சொல்லு என்று வரும் தாளுக்கும் அதையே எழுதுவார்கள். அந்தத் தாளில் பெயர், விலாசம், பிறந்த திகதி போன்ற விபரங்களைச் சரியாக எழுதியே ஆகவேண்டும். சம்பவத்தைப் பற்றி எழுதுவதும் எழுதாமல் விடுவதும் எங்கள் விருப்பம். புதிதாக வந்தவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைக் கண்டு பயந்து கடிதத்தை லாச்சிக்குள் போட்டு மூடுவதுதான் உண்மையான ஆபத்து.

நடந்தது இதுதான். கட்டடப் பொருட்கள் விற்கும் கடையில் சின்னச் சட்டியில் நின்ற பொன்சாய் மரத்தைப் பார்த்து மகள் ஆசைப்பட்டிருக்கிறாள். விலையைப் பார்த்த தம்பி, காட்டில் இல்லாத மரமா என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை உலாவப் போனபோது ஒரு முழ உயரத்தில் நின்ற வளைந்த மரமொன்றைக் கறண்டியால் கிண்டி முதுகுப் பையில் போட்டுக்கொண்டார். நாயோடு வந்த ஒருவர் கண்டு, தொலைபேசி எடுத்துவிட்டார். எடுத்த மரமோ 'ஐபெ'! காட்டில் தானாக முளைத்து நிற்கும் ஐபெ ஜேர்மனியில் விசேடமாகப் பாதுகாக்கப்பட்ட இனம். ஸ்டெக்பால்மெ, புக்ஸ்பவும் என்பவையும் அப்படியே. அந்த அப்பாவிக்கு அது எங்கே தெரியும்?

விஷயம் தண்டப்பணத்தோடு முடிந்தது. இரண்டு தடவையாகக் கட்டினார். ஆனால் இதை லேசாக எடுக்க முடியாது. தண்டப்பணம் வேறு, குற்ற வழக்கு வேறு. மற்றவனுடைய காணியில் நிற்கும் மரத்தை எடுத்தது களவு என்று எழுதப்பட்டால் அது குற்ற வழக்கு. ஜேர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்மீது குற்ற விசாரணை நடந்துகொண்டிருந்தால், அது முடியும்வரை குடியுரிமை முடிவை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு முழ மரத்துக்காக ஒரு குடும்பத்தின் கடதாசி மாதக்கணக்காகக் காத்துக்கிடக்கும் நிலை வரலாம்.

எம்மவர் சிலர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். "காட்டு மரத்துக்கு வழக்கோ! என்ன நாடப்பா!" என்றார்கள். இப்படிச் சிரிப்பவர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒரு கதியாலுக்காகக் கோட்டுக்கு ஏறி இறங்கிய சனம் அல்லவா நாங்கள்? கிளுவை ஒரு சாண் உள்ளே வந்துவிட்டது, பூவரசின் குழையைப் பக்கத்து வீட்டான் ஆட்டுக்கு ஒடித்துவிட்டான் என்று இரண்டு தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்களை எமக்குத் தெரியும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டு என்பதை எங்களுக்கு ஜேர்மன்காரன் வந்து படிப்பிக்கத் தேவையில்லை.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாக எழுதிவிடுகிறோம். காட்டுக்குள் உலாவுவதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, தடையில்லாத இடங்களில் காட்டுப்பூ, புல், பாசி, பழம், காளான், மூலிகை, மரக்கிளை ஆகியவற்றைச் சொந்தப் பாவனைக்காகச் சிறிதளவு, சேதம் செய்யாமல் எடுக்கலாம். ஒரு கைக்குள் அடங்கும் பூங்கொத்து அளவு என்று இதற்கு ஒரு பேச்சுவழக்கும் உண்டு. ஆனால் வேரோடு மரத்தைக் கிண்டுவது அதற்குள் அடங்காது. அதற்குக் காணிச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். இயற்கைப் பாதுகாப்புப் பகுதியென்று பலகை போட்ட இடத்தில் எதிலும் கை வைக்கக்கூடாது. விசேடமாகப் பாதுகாக்கப்பட்ட இனமென்றால் காணிக்காரர் தலையாட்டினாலும் காணாது.

தம்பியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு எமது கதையை மறைப்பது நியாயமில்லை. நாமும் அந்தக் கடை மரத்தில்தான் தொடங்கினோம். 'ஃபூகியன் தேயிலை' என்று பெயர் எழுதிய, சிறிய பச்சை இலையும் வெள்ளைப் பூவும் கொண்ட மரம். வாங்கி வந்து ஹைசுங்குக்கு மேலே யன்னல் கட்டில் வைத்தோம். ஒரு மாதத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. பிறகுதான் அறிந்தோம், அது தென் சீனாவில் மட்டுமல்ல, இந்தியாவிலும் இலங்கையிலும் வெயில் பற்றைகளுக்குள் தானாக வளரும் செடியாம்! எங்கள் ஊர்ப் பக்கத்துச் செடியை ஜேர்மனியில் காசு கொடுத்து வாங்கி, ஹீற்றர் சூட்டில் சாகடித்திருக்கிறோம். வீட்டில் இன்றுவரை அந்தப் பகிடி ஓயவில்லை.

எமது வேலைத்தலத்தில், பக்கத்து மெசினில் நிற்கும் ஒரு ஜேர்மன்காரர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. இளைப்பாற மூன்று வருடம் இருக்கிற மனிதர். அதிகம் பேசமாட்டார். அடுத்த நாள் பவுசவுக்கு ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். வீட்டுக்குப் பின்னால் பலகைகளில் வரிசையாக மரங்கள். எல்லாம் இந்த நாட்டு மரங்கள்: வைஸ்டோர்ன், லார்ஹெ, ஹைன்பூஹெ. எல்லாம் வெளியில், பனியில். ஒன்றைக்கூட வீட்டுக்குள் வைப்பதில்லை. இந்த நாட்டு மரத்துக்குக் குளிர்கால உறக்கம் வேண்டுமாம். சூட்டுக்குள் வைத்தால் உறங்காமல் களைத்துச் சாகுமாம். இரவு வேலை செய்யும் எமக்கு அது நன்றாகவே விளங்கியது.

அவரிடமிருந்து அறிந்தவைதான் இனி நாம் எழுதுபவை. காட்டில் தானாக வளர்ந்து, காற்றும் பனியும் மிருகங்களின் பல்லும் குட்டையாக்கிய மரத்தை எடுத்து வளர்ப்பதற்கு யப்பானியர் 'யமதோரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'யம' என்றால் மலை, 'தோரி' என்றால் எடுப்பது. விதையிலிருந்து வளர்த்தால் முப்பது வருடத்தில் வரும் தண்டு மலையில் ஏற்கெனவே தயாராக நிற்கிறது. ஆசைக்குக் காரணம் அதுதான். ஆசை கூடினால் என்ன நடக்கும் என்பதற்கும் யப்பானே சாட்சி. சிக்கோகு தீவின் இசிசூச்சி மலைப் பாறைகளில் முறுகித் திருகி நின்ற 'சிம்பாக்கு' மரங்களைத் தேடிக் கயிற்றில் தொங்கி இறங்கியவர்கள், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அந்த மலையை வெறுமையாக்கிவிட்டார்கள்.

ஜேர்மனியில் பொன்சாயைப் பரப்பியவர்களில் ஹைடல்பேர்க்கில் பொன்சாய் நிலையம் தொடங்கிய பவுல் லெஸ்னிவிச் முக்கியமானவர். மியூனிச் நகருக்குத் தெற்கே இருந்துகொண்டு அல்ப்ஸ் மலை மரங்களைப் பயிற்றி உலகப் பெயர் எடுத்தவர் ஒஸ்ரியாவில் பிறந்த வால்ட்டர் பால். யப்பான் மரம் போல வெட்டி ஒட்டாமல், இந்த மலையில் நிற்கும் மரம் இந்த மலை மரம் போலவே சட்டியிலும் இருக்கட்டும் என்பது அவருடைய கட்சி. எமக்கும் அதுவே சரியென்று படுகிறது.

இந்த மலை மரம் எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்பினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறைபேர்க்கிற்குப் பக்கத்தில் இருக்கும் சவுயின்ஸ்லான்ட் மலைக்குப் போங்கள். 1284 மீற்றர் உயரம். அங்கே காற்று ஒரு பக்கமாகச் சீவி விட்டது போல நிற்கும் பூஹெ மரங்களைக் காணலாம். மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் பூஹெக்கு இன்னொரு கதை உண்டு. குருத்தை மாடு கடிக்கக் கடிக்க அது மேலே போக முடியாமல் பக்கமாகப் பருத்துப் பற்றையாகும். வருடக்கணக்கில் அப்படியே அகன்று, நடுவில் நிற்கும் குருத்து மாட்டின் வாய்க்கு எட்டாத நாளில்தான் மேலே எழும்பும். ஊரில் ஆடு கடித்த பூவரசைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. (இந்த இடத்தில் மரத்தையும் அகதியையும் ஒப்பிட்டு ஒரு கவிதை வரவேண்டும் என்று வாசகர்கள் எதிர்பார்க்கலாம். அப்படிப்பட்ட கவிதைகள் எங்கள் சஞ்சிகைகளில் போதியளவு வந்துவிட்டன. நாம் மண்வெட்டியை எடுக்கிறோம்.)

பெப்ரவரி கடைசியில் ஒரு நாள் அந்த மனிதர், "காட்டுக்கு ஏன் போக வேண்டும்? வேலிக்குப் போவோம்" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் பழைய ஹைன்பூஹெ வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவலை போடப் போகிறார்களாம். வேலிகளையும் பற்றைகளையும் மார்ச் 1 முதல் செப்ரெம்பர் 30 வரை அடியோடு வெட்டக்கூடாது என்பது இங்கே சட்டம், குருவிகள் கூடு கட்டும் காலமென்பதால். அதனால் வேலியை எடுப்பவர்கள் பெப்ரவரிக்குள் எடுத்து முடிக்கவே பார்ப்பார்கள். மரத்துக்கும் அதுதான் நல்ல நேரம். மொட்டு வீங்கத் தொடங்கும், ஆனால் விரியாது. வேரில் சேமித்த பலமெல்லாம் அப்படியே இருக்கும்.

அந்த அம்மாவின் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசினோம். இரண்டு கட்டை வேண்டும், கிண்டிய குழியை நாமே மூடித் தருவோம் என்றோம். "அவ்வளவும் எடுத்துக்கொண்டு போங்கள், எனக்குக் கூலி மிச்சம்" என்றார் அவர். எமக்கு வெட்கமாகப் போய்விட்டது. கேட்டால் கிடைக்கும் என்ற எண்ணமே எங்களுக்கு இந்த நாட்டில் வருவதில்லை.

வேலை லேசில்லை. முதலில் மரத்தை முழங்கால் உயரத்துக்கு அரிந்தோம். தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு வட்டமாகக் கிண்டி, தடித்த வேர்களை வாளால் அறுத்தோம். அலவாங்கைக் கொடுத்து நெம்பினால் அசையவில்லை. ஒரு ஆணிவேர் நேரே கீழே போயிருந்தது. பக்கத்தில் படுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டு அதை அறுக்கவேண்டியிருந்தது. மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: தடித்த வேர் பிடித்து நிற்பதற்கு, தண்ணீர் குடிப்பது மயிர் போன்ற வேர், அதைக் காப்பாற்று. கிண்டிய கையோடு ஈரச் சாக்கால் சுற்றினோம். காற்றுப் பட்டால் மயிர்வேர் நிமிடக் கணக்கில் காய்ந்துவிடும்.

சட்டி என்று அழகாக எதுவும் இல்லை. சீமெந்து குழைக்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் தொட்டிக்கு அடியில் ஓட்டை போட்டது. மண்ணும் தோட்டத்து மண்ணல்ல. தண்ணீர் தேங்காமல் ஓடவேண்டும் என்பதற்காக 'பிம்ஸ்' என்ற நுரைக்கல்லும் லாவா கல்லும் கலந்தோம். இரண்டும் ஐஃபல் பக்கத்தில் அகழ்ந்து எடுப்பவை. அந்த நுரைக்கல் சுமார் 13,000 வருடங்களுக்கு முன் லாஹர் சே எரிமலை வெடித்தபோது விழுந்ததாம். (நாங்கள் இருந்த லாகருக்கும் இந்த லாஹருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!) மரம் ஆடாதபடி தொட்டியோடு கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். ஆடினால் புதிதாக வரும் வேர் அறுந்துபோகும். பிறகு காற்றுப் படாத, பாதி நிழலான மூலையில் வைத்தோம். முதல் மாதங்களில் பசளை கிடையாது.

இரண்டு கட்டையில் ஒன்று செத்துவிட்டது. தவறு எம்முடையதுதான். மே மாதம் இரண்டும் பச்சைப் பசேலென்று துளிர்த்தன. மரம் பிடித்துவிட்டது என்று எண்ணி, ஜூனில் மகனுடைய பிறந்தநாளுக்கு வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக ஒன்றைத் தொட்டியிலிருந்து இழுத்தெடுத்து, நீல நிறச் சீனச் சட்டியில் நட்டு, அலுமினியக் கம்பியும் சுற்றினோம். எல்லோரும் படம் எடுத்தார்கள். ஓகஸ்ட் முதற்கிழமையில் இலை சுருண்டது. ஜேர்மன்காரர் வந்து பார்த்துவிட்டு, தண்டில் இருந்த சேமிப்பைச் செலவழித்துத்தான் மரம் துளிர்த்தது, வேர் இன்னும் வந்திருக்கவில்லை என்றார். துளிரை நம்பக்கூடாதாம். இரண்டாம் வருடமும் துளிர்த்து, தண்டைப் பிடித்து ஆட்டிப்பார்க்கத் தொட்டியும் சேர்ந்து அசைந்தால்தான் மரம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமாம். வெட்டிக் கம்பி கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

மற்றக் கட்டை இன்னும் அந்தக் கறுப்புத் தொட்டியில்தான் நிற்கிறது. மூன்று குளிர்காலம் கண்டுவிட்டது. பனிக்காலத்தில் தொட்டியைச் சருகால் மூடி, வீட்டுச் சுவரோரம் ஒதுக்கி வைக்கிறோம். நிலத்தில் நிற்கும் மரத்தின் வேரைவிடத் தொட்டியில் நிற்கும் வேர் கெதியாக உறைந்துவிடும். கோடையில் ஒரு நாள்கூடத் தண்ணீர் தவறக்கூடாது. ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு நாம் போகும் நாளில், மேல் வீட்டுத் துருக்கிக் குடும்பம் ஊற்றுகிறது. பதிலுக்கு அவர்கள் ஊருக்குப் போகும் ஆறு கிழமையும் அவர்களுடைய தக்காளிக்கு நாம் ஊற்றுகிறோம்.

"இஞ்சாருங்கோ, பல்கனியிலை கறிவேப்பிலைக்கே இடம் காணாது, உந்தக் கட்டையாலை என்ன பிரயோசனம்?" என்று வீட்டில் கேட்காத கிழமையில்லை. நியாயமான கேள்வி. எமக்கும் சரியான பதில் இல்லை. மகன் மட்டும் ஒவ்வொரு ஏப்ரலிலும் பள்ளிக்கூடம் போகுமுன் மொட்டு எண்ணுகிறான்.

ஊரில் எமது ஐயா ஒவ்வொரு தையிலும் கிணற்றுக்கட்டில் ஏறி, குருவி எச்சத்தில் முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் பிடுங்கி எறிவார். விட்டால் கட்டைப் பிளந்துவிடும். அதைச் சட்டியில் வைத்து வளர்க்கலாம் என்று எவருக்கும் தோன்றியதில்லை. இந்தியாவில் பொன்சாய் வளர்ப்பவர்கள் பழைய சுவரில் முளைத்த ஆலையும் அரசையும் விரும்பி எடுக்கிறார்கள். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடிய சனம், காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டுத் திரும்பிப் போனபோது, கூரையில்லாத வீடுகளின் சுவருக்குள் இதே ஆலும் அரசும் வேரோடிப் பெருத்து நின்றன. பிடுங்குவதற்கு அங்கே ஆள் இருக்கவில்லை.

இனி, ஆசைப்படுபவர்கள் எங்கே கேட்கலாம்? கிளைன்கார்ட்டன் எனப்படும் தோட்டச் சங்கங்களின் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். ஒரு காணி 400 சதுர மீற்றருக்கு மேற்படக்கூடாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சிறிய இடத்தில் ஆள் மாறும்போது பழைய பற்றைகளைக் கிண்டி எறிவது வழமை. வீடு இடிக்கும் இடங்களில் சொந்தக்காரரைக் கேட்கலாம். நாம் இருக்கும் சவர்லான்ட் பகுதியில் கிறிஸ்மஸ் மரத் தோட்டங்கள் நிறைய. விற்க முடியாமல் கோணலாகப் போன மரம் கமக்காரருக்குத் தொந்தரவு, எங்களுக்கு அதுதான் தேவை. 2018இல் தொடங்கிய வரட்சியும் பட்டை வண்டும் ஃபிக்டெ மலைகளை மொட்டையாக்கிய பிறகு, அந்த வெளிகளில் பேர்க்கெயும் லார்ஹெயும் தாமாக முளைக்கின்றன. எங்கள் மாநிலத்தில் காட்டின் பெரும்பகுதி தனியாருடையது. சொந்தக்காரர் பக்கத்துக் கமத்திலேயே இருக்கக்கூடும். சம்மதம் கிடைத்தால் ஒரு துண்டில் இடம், திகதி, எத்தனை மரம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாயோடு ஒருவர் வந்து கேட்டால் அதைக் காட்டலாம்.

எந்த வேலி நல்லது என்றால், லிகுஸ்டர் தொடங்குபவர்களுக்கு ஏற்றது, எதற்கும் சாகாது. ஹைன்பூஹெயும் பழைய தண்டிலிருந்து நன்றாகத் துளிர்க்கும். தூயா வேண்டாம், பச்சை இல்லாத கட்டையில் அது திரும்பத் துளிர்க்காது. தோட்டத்தில் நட்டு வளர்த்த ஐபெயைச் சொந்தக்காரர் தந்தால் எடுக்கலாம். ஆனால் அதன் இலையும் விதையும் கொடிய நஞ்சு. சிவந்த பழம் பிள்ளைகளை இழுக்கும். லிகுஸ்டரின் கறுத்தப் பழமும் தின்னக்கூடாதது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசித்துச் செய்யுங்கள். பற்றைக்குள் போய் வந்தால் உடம்பில் 'செக்கெ' உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று அன்றிரவே தேடிப் பார்ப்பதும் முக்கியம்.

தம்பியின் ஐபெக்கு என்ன நடந்தது என்று விசாரித்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒக்ரோபரில், கறண்டியால், பாதி வேரோடு கிண்டிய மரம். அது பிழைத்திருக்கும் என்று நாம் நினைக்கவில்லை.

அவர் இப்போது நல்ல டொச் பேசுகிறார். சென்ற கிழமை எமக்குத் தொலைபேசி எடுத்தார். பிள்ளையின் கிண்டர்கார்ட்டனுக்குப் பக்கத்து வீட்டில் லிகுஸ்டர் வேலியை எடுக்கப் போகிறார்களாம். கண்டவுடன் மணியை அடித்துத் தானே கேட்டாராம். வீட்டுக்காரர் சம்மதம், துண்டும் எழுதித் தந்துவிட்டார். "அண்ணை, மகளும் வாறாளாம். அலவாங்கு உங்களிட்டைத்தானே இருக்கு?" என்றார்.

பெப்ரவரி கடைசிச் சனிக்கிழமை போகிறோம். நிலம் உறைந்து கிடந்தால் அதற்கு முந்திய ஒரு நல்ல நாளைப் பார்க்கவேண்டும், மார்ச்சுக்குத் தள்ள முடியாது. சின்னக் கைக்கு அளவான கையுறை ஒன்று மட்டும் இன்னும் வாங்கவேண்டியிருக்கிறது.